ஏற்றுமதி தந்தது எது, வெளிநாட்டுப் பங்காளி தந்தது எது: யாழ்ப்பாண நண்டு ஆலை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரத்தில் உள்ள ஒரு நண்டு பதனிடும் ஆலையின் ஏறக்குறையப் பத்து வருடக் கணக்கு இது. குடும்பக் கம்பனி. ஆரம்பத்தில் அறுபது பேர் வேலை செய்தார்கள், இப்போது நூற்று இருபதுக்குக் கிட்ட, முக்கால்வாசிக்கு மேல் பெண்கள். முதலில் நீர்கொழும்புப் பக்கத்து ஏற்றுமதிக் கம்பனி ஒன்றுக்கு விற்றார்கள், பிறகு தாங்களே நேரடியாக ஏற்றினார்கள், அப்புறம் 40 வீதப் பங்கை ஒரு வெளிநாட்டுக் கம்பனிக்குக் கொடுத்தார்கள். இந்த மூன்று கட்டத்திலும் அவர்களுடைய செலவுக் கணக்கைப் பார்த்துக் கொடுத்தவன் நான். முதலாளியின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆட்களும் இடமும் பிடிபடக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றி எண்களை வட்டப்படுத்தியிருக்கிறேன், ஏற்ற இறக்கத்தின் போக்கு மாறவில்லை.

எழுத ஒரு காரணம் உண்டு. ஏற்றுமதி செய்தால் உற்பத்தித்திறன் கூடும், வெளிநாட்டு முதலீடு வந்தால் இன்னும் கூடும் என்று யாழ்ப்பாணத்தில் நடக்கிற எல்லா முதலீட்டுக் கூட்டத்திலும் சொல்கிறார்கள். இந்த ஆலையில் கூடியது உண்மை. ஆனால் எந்த மாதத்தில் கூடியது, அந்த மாதத்தில் என்ன நடந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கூட்டத்தில் சொல்கிற வரிசை வரவில்லை.

## பின்னணி

வடக்குக்குத் தொழிற்சாலை புதிதில்லை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கியது, பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை இருந்தது. எங்களுக்குத் தவறிப்போனது அதற்குப் பிந்திய கட்டம். 1977இல் பொருளாதாரம் திறந்து, 1978இல் கட்டுநாயக்காவில் ஏற்றுமதி வலயம் வந்து, அங்கே ஒரு தலைமுறை ஆட்கள் வரிசை மேற்பார்வை, நேரக் கணக்கு, தரப் பரிசோதனை என்று பழகிக்கொண்டிருந்தபோது இங்கே போர் நடந்தது. 2009இல் போர் முடிந்த பிறகு, வடக்கைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 வீதியால் சீமெந்தும் இயந்திரமும் வந்துவிட்டன. ஐம்பது பேர் இருக்கிற ஒரு மேசை வரிசையை எப்படி ஓட்டுவது என்று தெரிந்த ஆள் லொறியில் வரமாட்டார். இந்தப் பக்கத்து ஆலைகளில் சுப்பர்வைசர் என்றால் நீண்ட நாள் வேலை செய்த, கொஞ்சம் சத்தம் போடத் தெரிந்த ஒருவர், அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள், ஏனென்றால் இந்த ஆலைக்குப் பணத்தைவிட அதிகமாகக் குறைவாயிருந்தது இதுதான்.

முதலாளியின் குடும்பம் ஐஸ் வியாபாரமும் மீன் வாங்கி விற்பதுமாக இருந்தது. போர் முடிந்து சில காலத்தில் ஆலையைத் தொடங்கினார்கள். குருநகர், நாவாந்துறை, தீவுப்பகுதி, பூநகரிக் கரை எங்கும் நண்டுவலையில் படுகிற நீல நண்டைச் சம்மாட்டிகளிடம், அதாவது படகும் வலையும் வைத்துத் தொழில் நடத்துகிறவர்களிடம், வாங்குவார்கள். அவித்து, ஆறவைத்து, கோதை (நண்டு ஓட்டை) உடைத்து இறைச்சியைப் பிரித்தெடுப்பார்கள். நீந்துகிற கால் பொருந்தும் இடத்தில் இருக்கிற பெரிய தசைத்துண்டு ஜம்போ லம்ப், விலை அதற்குத்தான். அதற்குக் கீழே லம்ப், ஸ்பெஷல், கடைசியில் கொடுக்கு இறைச்சி. பேணியில் (டின்னில்) அடைத்து, சுடுதண்ணீர்த் தொட்டியில் குறித்த வெப்பத்தில் குறித்த நேரம் வைத்து, உடனே ஐஸ் தண்ணீரில் குளிரவைத்தால் குளிர் அறையில் பல மாதம் இருக்கும். பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போகிறது.

உடைப்பது முழுக்கக் கைவேலை. ஆகவே இந்தத் தொழிலில் உற்பத்தித்திறனைப் பார்க்க இரண்டு எண் போதும். ஒருவர் ஒரு மணித்தியாலம் வேலை செய்தால் எத்தனை கிராம் இறைச்சி வருகிறது என்பது ஒன்று, நூறு கிலோ நண்டுக்கு எத்தனை கிலோ இறைச்சி கிடைக்கிறது என்பது மற்றது. இரண்டும் வேண்டும். வேகம் மட்டும் பார்த்தால் கோதோடு இறைச்சியும் கழிவு வாளிக்குப் போவது தெரியாது.

2015 கடைசியில் நான் முதன்முதலாகப் புத்தகங்களைப் பார்த்தபோது வாங்கிய கிலோ, விற்ற கிலோ, கொடுத்த சம்பளம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. மணித்தியாலம் எங்கும் இல்லை. வாசலில் ஒரு பதிவுப் புத்தகம் வைத்துச் சில மாதம் எழுதவைத்த பிறகு வந்த எண்: ஓர் ஆள் மணித்தியாலத்துக்கு 410 கிராம். அவிப்பவர், கழுவுபவர், அடைப்பவர் எல்லோருடைய நேரத்தையும் சேர்த்துத்தான். நூறு கிலோ நண்டுக்கு இறைச்சி 23 கிலோ.

## 2016, 2017: ஏற்றுமதிக்கு முன்னமே ஏறிய ஏற்றம்

நேரடியாக ஏற்ற வேண்டும் என்று முதலாளி முடிவெடுத்ததற்குக் காரணம் விலை வித்தியாசம் மட்டுமில்லை. தரம் பிரிப்பது நீர்கொழும்பில் நடந்தது. இங்கிருந்து ஜம்போ என்று போனது அங்கே லம்ப் ஆகும், லம்ப் ஸ்பெஷல் ஆகும், ஏன் என்று கேட்டால் பதில் வராது. பிழை எங்கே என்று தெரியாமல் திருத்தவும் முடியாது.

அமெரிக்காவுக்குக் கடலுணவு அனுப்ப வேண்டுமானால், ஆபத்து எந்தெந்த இடத்தில் வரலாம் என்று ஆய்ந்து கட்டுப்படுத்துகிற ஹசப் (HACCP) முறை 1997 கடைசியிலிருந்து அங்கே கட்டாயம். கடற்றொழில் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். பத்திரங்களைவிடத் தண்ணீர்தான் பெரும்பாடு. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் நிலம், வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, கரையோரக் கிணறு என்றால் உவர் ஏறியிருக்கும். தண்ணீர் சுத்திகரிக்கும் தொகுதி ஒன்றுக்கே வங்கிக் கடனில் கணிசமான பங்கு போனது. ஆலைத் தரையை மாற்றினார்கள், உலோகம் கண்டுபிடிக்கும் கருவி வாங்கினார்கள், அவிக்காத நண்டு ஒரு வாசலால் வந்து பேணி மறு வாசலால் போகிற மாதிரிச் சுவரை இடித்துக் கட்டினார்கள்.

இதற்கிடையில் செலவே இல்லாத ஒரு மாற்றமும் நடந்தது. மணித்தியாலப் பதிவைப் பார்த்தபோது ஒன்று துலக்கமாகத் தெரிந்தது: பெண்கள் காலை ஏழு மணிக்கு வந்து உட்காருகிறார்கள், அவித்து ஆறிய நண்டு மேசைக்கு வரும்போது ஒன்பது தாண்டிவிடுகிறது. அவர்கள் சும்மா இருந்த நேரம் முழுவதும் சம்பள நேரம். படகு கரைக்கு வரும் நேரத்தை ஆலை மாற்ற முடியாது. எனவே சம்மாட்டிகளோடு பேசி நண்டு எடுக்கும் வாகனத்தை இரண்டு முறையாகப் பிரித்தார்கள். அவிக்கும் பகுதி மட்டும் முன்னுக்கு வரும், உடைக்கிறவர்கள் ஒன்பது மணிக்கு வந்தால் போதும், பின்னேரம் அதற்கேற்பக் கொஞ்சம் பிந்தும். சின்னப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரலாம் என்பதால் பெண்களுக்கும் அது பிடித்தது, இரண்டொருவர் பஸ் இல்லை என்று நின்றுவிட்டதையும் சொல்ல வேண்டும்.

2017 கடைசியில் எண் 520 கிராம். இறைச்சி நூற்றுக்கு 24. நான்கில் ஒரு பங்குக்கும் மேலான ஏற்றம். அதுவரை ஒரு பேணிகூட அந்தக் கம்பனியின் பெயரில் நாட்டை விட்டுப் போகவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இது இந்த ஆலைக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை. 1990களில் பெர்னாட், ஜென்சன் என்ற பொருளியலாளர்கள் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் தரவைப் பார்த்து, ஏற்றுமதி செய்கிற ஆலைகள் ஏற்றுமதியைத் தொடங்குவதற்கு முன்பே மற்றவற்றைவிட நன்றாக இருந்தன என்று காட்டினார்கள். கொலம்பியா, மெக்சிக்கோ, மொரோக்கோ ஆலைகளை வைத்து 1998இல் வந்த ஆய்வும் ஏறக்குறைய அதையே சொன்னது. நல்ல ஆலைதான் ஏற்றுமதிக்குப் போகிறது, ஏற்றுமதி ஆலையை நல்லதாக்குவதாகத் தெரியவில்லை என்று. இதை அப்படியே இந்த ஆலைமேல் போட எனக்கு மனமில்லை. இவர்கள் முன்பு நல்ல ஆலையாக இருக்கவில்லை, ஏற்றுமதி செய்யப் போகிறோம் என்ற எண்ணம் வந்ததால்தான் மணித்தியாலத்தை எழுதினார்கள், சுவரை இடித்தார்கள். வெறும் தரவை மட்டும் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு இந்த இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

## 2018 முதல் 2021 வரை: வேகம் குறைந்தது, விலை கூடியது

முதல் கொள்கலன் 2018இல் கொழும்புத் துறைமுகத்தால் போனது. அடுத்த மாதங்களிலேயே வாங்குபவரிடமிருந்து ஒரு படம் வந்தது: வெள்ளைத் தட்டில் இறைச்சி, அதில் நான்கு கோதுத் துண்டுகளை வட்டம் போட்டுக் காட்டியிருந்தார்கள். நீர்கொழும்பில் யாரோ இரண்டாம் முறை பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தது அன்றுதான் இவர்களுக்குத் தெரிந்தது.

ஊதா விளக்கின் கீழ் வைத்தால் கோதுத் துண்டு மினுங்கும், கண்ணுக்குத் தப்பியது அதில் அகப்படும். இருட்டறை ஒன்று கட்டி, பத்துப் பன்னிரண்டு பேரை அங்கே மாற்றினார்கள். முறைப்பாடு குறைந்தது. ஆள் மணித்தியாலத்துக்கு 520ஆக இருந்தது 490க்கு இறங்கியது, கூட ஆள் போட்டு அதே அளவு இறைச்சி எடுத்தால் அப்படித்தான் வரும். கிலோவுக்குக் கிடைத்த டொலர் விலையோ முன்பைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம், அதில் ஒரு பகுதி இடைக்கம்பனியின் இலாபம் கைமாறியது, மறு பகுதி தரத்துக்கான விலை.

உற்பத்தித்திறன் கூடியதா குறைந்ததா? எகிப்தில் கைநெசவுக் கம்பளம் செய்கிற சின்னப் பட்டறைகளை வைத்து அற்கின், கண்டெல்வால், ஒஸ்மான் மூவரும் செய்த ஒரு பரிசோதனை உண்டு, 2017இல் வெளிவந்தது. குலுக்கல் முறையில் சில பட்டறைகளுக்கு மட்டும் வெளிநாட்டுக் கட்டளைகளை (ஓடர்களை) கிடைக்கச் செய்தார்கள். அவற்றின் இலாபம் 16 முதல் 26 வீதம் வரை கூடியது. ஒரு மணித்தியாலத்தில் நெய்த அளவு குறைந்தது, கம்பளத்தின் தரம் கூடியது, ஒரே வகைக் கம்பளத்தை வைத்து ஒப்பிட்டால் அவர்கள் உண்மையிலேயே முன்னேறியிருந்தார்கள். எங்கள் ஆலையில் நடந்ததும் இதுதான். நேரடி ஏற்றுமதி இவர்களுக்குச் சொல்லித் தந்தது எதைச் செய்யக்கூடாது என்பது. வேகமாகச் செய்வது எப்படி என்று வாங்குபவர் சொல்லித் தரவில்லை, அவருக்கு அது தெரியவும் தெரியாது. அவர் பேணியைத் திறந்து பார்க்கிறார், மேசையைப் பார்த்ததில்லை.

பிறகு வந்தது எல்லாம் வெளியிலிருந்து வந்த அடி. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு வீதிச் சோதனைகள், குளிர் லொறி கொழும்புக்குப் போகும் நேரம் சொல்ல முடியாது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. அதே வருடம் ஒக்ரோபரில் கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள பேலியகொடை மீன் சந்தையில் தொற்று என்றதும் நாடு முழுக்கக் கடலுணவு வாங்குவதே நின்றது. 490 என்ற எண் சில மாதம் மேலே போகும், சில மாதம் கீழே வரும், மொத்தத்தில் மூன்று வருடமும் அப்படியே கிடந்தது.

## பங்காளியா, கனடாப் பணமா

நேரடி ஏற்றுமதியில் ஒருவரும் முன்கூட்டிச் சொல்லாத தொல்லை கைக்காசு. சம்மாட்டிக்கு அன்றன்றே ரொக்கம் கொடுக்க வேண்டும், பிந்தினால் அடுத்த நாள் அவருடைய நண்டு வேறு வாகனத்தில் ஏறும். அமெரிக்காவிலிருந்து பணம் வர இரண்டு மாதமாகும். வியாபாரம் பெருகப் பெருக இந்த இடைவெளியும் பெருகியது. 2021இல் முதலாளி முன் இரண்டு வழி இருந்தன.

ஒன்று, கனடாவில் இருக்கிற சித்தப்பா. அவரும் இரண்டு மைத்துனர்மாரும் சேர்ந்து போடத் தயார், வட்டி கேட்கவில்லை, பங்கு கேட்டார்கள், ஆலை எப்படி ஓடினாலும் தலையிட மாட்டோம் என்றும் சொன்னார்கள். மற்றது, சொந்த நாட்டிலேயே நண்டு ஆலைகள் வைத்திருக்கிற ஓர் ஆசியக் கம்பனி. அவர்கள் 40 வீதம் கேட்டார்கள், கணக்குகளை மாதாமாதம் பார்ப்போம் என்றார்கள், ஒரு பணிப்பாளர் தங்களுடையவர் என்றார்கள். வீட்டில் எல்லோரும் சித்தப்பா பக்கம். சொந்தக்காரரை விட்டுவிட்டுப் பிறத்தியாருக்குக் கொடுப்பதா என்ற கேள்வி சாப்பாட்டு மேசையில் பல நாள் ஓடியது என்று முதலாளியே சொன்னார்.

என்னிடம் கேட்டபோது நான் சொன்னது: சட்டத்தின் கண்ணுக்கு இரண்டுமே வெளியிலிருந்து வருகிற மூலதனம்தான், ஆனால் சித்தப்பாவிடம் பணம் மட்டும் இருக்கிறது, தலையிட மாட்டேன் என்று அவர் சொல்வதே அதற்குச் சாட்சி. மற்றவர்களிடம் இதே நண்டை இதைவிட வேகமாக உடைக்கிற மேசைகள் இருக்கின்றன. இந்தோனேசிய ஆலைகளின் நீண்ட காலத் தரவை வைத்து ஆர்னல்ட், ஜவோர்சிக் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், வெளிநாட்டவர் வாங்கிய ஆலைகளின் உற்பத்தித்திறன் மூன்று வருடத்தில் 13.5 வீதம் கூடியிருந்தது, நல்ல ஆலைகளைப் பார்த்து வாங்கியதால் வந்த வித்தியாசத்தைக் கழித்த பிறகும். அந்த ஏற்றம் காசோலையோடு மட்டும் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

முதலாளி கம்பனியைத் தெரிந்தெடுத்தார். 2021 டிசம்பரில் கையெழுத்து. ஒப்பந்தத்தில் பணம் எந்தத் தேதியில் வரும் என்பது மிகத் துல்லியமாக இருந்தது. தொழில் தெரிந்த ஆள் எப்போது வருவார் என்பதற்கு "தேவைப்படும்போது" என்ற ஒரு சொல்தான் இருந்தது.

## 2022: எண்கள் சந்தோசப்படுத்திய வருடம்

2022 மார்ச் ஆரம்பத்தில் டொலர் 200 ரூபாயை ஒட்டி இருந்தது, மே மாதம் 360ஐத் தொட்டது. ஏற்றுமதிக் கம்பனிக்கு வருமானம் டொலரில், சம்பளம் ரூபாயில். வருடக் கடைசி அறிக்கையில், ஓர் ஆளுக்கான விற்பனை முந்திய வருடத்தைவிட ஒன்றரை மடங்கு என்று நின்றது. பங்காளி மகிழ்ந்தார், வங்கி மகிழ்ந்தது, வெளிநாட்டுப் பங்கு வந்த முதல் வருடத்திலேயே உற்பத்தித்திறன் ஐம்பது வீதம் கூடிவிட்டது என்று ஒரு கூட்டத்தில் இந்த ஆலையை உதாரணமாகவே காட்டினார்கள்.

அதே வருடம் ஆலைக்குள் நடந்தது வேறு. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் ஓடியது, டீசல் கிடைத்த நாளில். படகுகளுக்கு மண்ணெண்ணெய் இல்லை, ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறிய பிறகு சின்னப் படகுக்காரர் பலர் கடலுக்குப் போவதையே குறைத்தார்கள். நண்டு வராத நாளிலும் ஆட்களை நிறுத்த முதலாளி விரும்பவில்லை, வீட்டில் அரிசி வாங்க அந்தச் சம்பளம்தான் என்று அவருக்குத் தெரியும். அந்த முடிவை நான் இன்றும் சரியென்றே சொல்வேன். அதன் விலை எண்ணில் தெரிந்தது: ஆள் மணித்தியாலத்துக்கு 430 கிராம். மணித்தியாலம் எழுதத் தொடங்கிய முதல் வருடத்து நிலைக்குத் திரும்பக் கொஞ்சம்தான் பாக்கி.

ரூபாய்க் கணக்கையும் கிராம் கணக்கையும் ஒரே தாளில் போட்டு முதலாளியிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, இந்த ஒன்றரை மடங்கை பாங்குக்குக் காட்டலாம்தானே?"

"காட்டலாம் அண்ணை, பொய்க்கணக்கில்லை. நீங்கள் மட்டும் அதை நம்பாதேங்கோ."

செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 வீதத்தை ஒட்டி இருந்தது என்பதையும் பக்கத்தில் எழுதினேன். ஒன்றரை மடங்கு ரூபாய் அந்த வருடம் எவ்வளவு வாங்கும் என்று அவருக்குக் கடைக்குப் போனால் தெரியும். வடக்கில் ஏற்றுமதி ஆலைகளைப் பற்றி 2022, 2023இல் எழுதப்பட்ட வெற்றிக் கதைகளை இந்தக் கண்ணோடு திரும்ப வாசித்தால் நல்லது. விற்பனையை ஆட்களால் பிரித்து உற்பத்தித்திறன் என்று போட்டிருந்தால், அதில் டொலர் எவ்வளவு, கை எவ்வளவு என்று கேளுங்கள்.

## 2023, 2024: மேசைக்கு வந்த ஆள்

2023 நடுப்பகுதியில்தான் பங்காளிக் கம்பனி ஓர் ஆளை அனுப்பியது. பொறியியலாளர் வருவார் என்று எதிர்பார்த்தார்கள். வந்தவர் நாற்பது வயது தாண்டிய ஒரு பெண், தன் நாட்டில் பதினைந்து வருடம் நண்டு உடைத்துப் பிறகு மேற்பார்வைக்கு வந்தவர். தமிழ் தெரியாது, ஆங்கிலமும் மட்டுமட்டு. முதல் கிழமை முழுக்க எதுவும் சொல்லாமல் மேசையில் உட்கார்ந்து மற்றவர்களோடு நண்டு உடைத்தார். இங்கே மூத்தவராக இருந்த சுப்பர்வைசர் அக்காவுக்கு அது பிடிக்கவில்லை, "எங்கட பிள்ளையளுக்கு நண்டு உடைக்கப் பழக்க கப்பலேறி வந்தவவோ" என்று கேட்டது எனக்கும் காதில் விழுந்தது. இரண்டாம் கிழமை தராசில் இருவருடைய தட்டையும் வைத்தபோது அந்தக் கேள்வி நின்றது.

அவர் மாற்றியவை பெரும்பாலும் சின்னச் சின்ன விசயம். அவிக்குமுன் நண்டை மூன்று அளவாகப் பிரிக்கச் சொன்னார், ஏனென்றால் எல்லாவற்றையும் ஒரே நேரம் அவித்தால் சின்னது இறுகிக் கோதோடு ஒட்டும், பெரியது உள்ளே நீராக இருக்கும், இரண்டிலும் இறைச்சி நட்டம். கத்தியைச் சின்னதாக்கினார். உடைக்கிற ஒழுங்கை மாற்றினார்: முன்பு ஒருவரே ஒரு நண்டை முழுக்க முடிப்பார், இப்போது கைத்திறமை கூடியவர்கள் உடலில் ஜம்போத் துண்டை மட்டும் எடுப்பார்கள், புதிதாக வந்தவர்கள் கொடுக்கில் தொடங்குவார்கள். ஒவ்வொரு மணித்தியாலமும் ஒவ்வொருவருடைய தட்டும் நிறுக்கப்பட்டுப் பலகையில் எழுதப்பட்டது. கழிவு வாளியையும் தராசில் வைத்துப் பார்த்தார். அதுவரை ஒருவரும் வாளிக்குள் பார்த்ததே இல்லை.

எல்லாம் சுகமாக நடக்கவில்லை. கூடுதல் கிலோவுக்கு ஆளாளுக்கு ஊக்கப்பணம் என்று கம்பனி தொடங்கியது. ஒரு மாதத்துக்குள் ஊதா விளக்கறையில் கோதுத் துண்டு இரட்டிப்பானது, பலகையில் பெயர் கீழே இருந்த இரண்டு பிள்ளைகள் வேலைக்கு வருவதை நிறுத்தினார்கள். சுப்பர்வைசர் அக்காதான் வந்து முதலாளியிடம் சொன்னார், இப்படிப் போனால் மேசையில் ஒருத்தியும் மற்றவளுக்குச் சொல்லிக் கொடுக்க மாட்டாள் என்று. அது சரியான பார்வை. ஊக்கப்பணத்தை மேசைக்கு மாற்றினார்கள், எட்டுப் பேர் சேர்ந்து ஒரு மேசை, கிலோவோடு இறைச்சி வீதமும் கோது எண்ணிக்கையும் சேர்த்துப் பார்ப்பது. பலகையில் பெயருக்குப் பதில் மேசை இலக்கம். பங்காளிக் கம்பனி ஆரம்பத்தில் இதை ஏற்கவில்லை, தங்கள் நாட்டில் ஆளாளுக்குத்தான் என்றார்கள், மூன்று மாத எண்ணைப் பார்த்த பிறகு பேசாமல் விட்டார்கள்.

2024 நடுப்பகுதியில் ஆள் மணித்தியாலத்துக்கு 640 கிராம், நூறு கிலோவுக்கு 27 கிலோ. நண்டுக் கொள்முதல்தான் இந்தத் தொழிலில் பெரிய செலவு என்பதால், 24இலிருந்து 27க்குப் போனது வேகம் கூடியதைவிடப் பெறுமதியானது. அந்தப் பெண் வருடம் முடிய முன் திரும்பிப் போனார். எண் இறங்கவில்லை.

## மதிலுக்கு வெளியே

வெளிநாட்டு முதலீடு வந்தால் பக்கத்து ஆலைகளும் கற்றுக்கொள்ளும் என்பது வழக்கமான பேச்சு. இங்கே இரண்டு விதமாகவும் நடந்தது.

நல்லது நடந்தது நண்டு வருகிற வழியில். இறைச்சி வீதம் கூட வேண்டுமானால் நண்டு உயிரோடும் ஐஸோடும் வர வேண்டும் என்பதால், சம்மாட்டிகளுக்குக் குளிர் காக்கிற றெஜிபோம் பெட்டியும் ஐஸும் ஆலையே கொடுத்தது, நல்ல நிலையில் வருகிற நண்டுக்கு விலை கூட்டியது, குஞ்சு நண்டையும் சினை நண்டையும் எடுக்க மறுத்தது. கரையில் மீனவர் போடுகிற கொட்டிலான வாடியிலேயே பிரிக்கிற பழக்கம் வந்தது. இன்று அந்தச் சம்மாட்டிகள் மற்ற ஆலைகளுக்குக் கொடுப்பதும் பிரித்த நண்டுதான். லித்துவேனியா பற்றி ஜவோர்சிக் 2004இல் எழுதியதும் இதையே சொல்கிறது: பயன் பரவுவது பொருள் கொடுக்கிறவர்கள் பக்கமாக, அதிலும் உள்ளூர்க்காரரும் பங்கு வைத்திருக்கிற கம்பனிகளிலிருந்து, முழுக்க வெளிநாட்டவர் கையில் உள்ளவற்றிலிருந்து அப்படித் தெரியவில்லை.

கெட்டது, பக்கத்து ஆலை. முப்பது பேர் வேலை செய்த சின்ன இடம். இவர்கள் விலை கூட்டியதும் நல்ல நண்டு இந்தப் பக்கம் திரும்பியது, அங்கே மேசை பாதி நாள் காலி, ஆளுக்கான உற்பத்தி விழுந்தது. வெனிசுவேலா ஆலைகளில் 1999இல் எயிற்கின், ஹரிசன் கண்டதும் இதுதான், வெளிநாட்டுப் பங்கு வந்த சின்ன ஆலைகள் ஏறின, சுற்றியிருந்த உள்நாட்டு ஆலைகள் இறங்கின. பயிற்சி பெற்ற நான்கு பெண்கள் அந்தப் பக்கத்து ஆலைக்குக் கூடச் சம்பளத்துக்குப் போய் மேசை முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள், அதனால் அது மூடாமல் தப்பியது. முதலாளிக்குக் கோபம்தான். ஊருக்கு நல்லது என்று நான் சொன்னதை அவர் ரசிக்கவில்லை.

## 2025: வேறொரு மேசையில் எடுக்கிற முடிவு

2025 ஏப்ரல் 2ஆம் தேதி அமெரிக்கா அறிவித்த வரிப் பட்டியலில் இலங்கைக்கு 44 வீதம், இந்தோனேசியாவுக்கு 32. பங்காளிக் கம்பனிக்கு வேறு நாடுகளிலும் ஆலை உண்டு, எந்தக் கட்டளையை எந்த ஆலைக்குக் கொடுப்பது என்பதை அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். இரண்டு கிழமைக்குள் அடுத்த இரண்டு கொள்கலன்களை நிறுத்திவைத்தார்கள். ஒரு கிழமையில் வரி தற்காலிகமாகத் தள்ளிவைக்கப்பட்டும் கட்டளை உடனே திரும்பவில்லை. ஓகஸ்டில் இலங்கைக்கு 20, இந்தோனேசியாவுக்கு 19 என்று முடிந்த பிறகுதான் பழையபடி வந்தது, வாங்குபவர் விலையில் ஒரு பங்கைக் குறைக்கச் சொல்லிக்கொண்டு.

அந்த மாதங்களில் ஆள் மணித்தியால எண் 640க்குக் கீழே போனது. மேசையில் உள்ள ஒருவருடைய கையும் மந்தமாகவில்லை. உடைக்க நண்டு வாங்கவில்லை, அவ்வளவுதான். கனடாச் சித்தப்பாவின் பணமாக இருந்திருந்தால் இப்படி நடந்திராது என்று வீட்டில் ஒரு பேச்சு வந்ததாம். உண்மைதான், 640உம் வந்திராது.

## அடுத்த முறை எதை மாற்றுவோம்

இதே மாதிரி ஓர் ஆலை பங்காளியைத் தேடினால் நான் முதலில் பார்ப்பது ஒப்பந்தத்தில் ஆளுக்கான வாசகத்தை. பணம் வருகிற தேதியைப் போலவே மேசை தெரிந்த ஆள் வருகிற தேதியும், அவர் தங்கும் மாதங்களும், அவர் போனபிறகு இங்கிருந்து யார் போய்ப் பழகுவார்கள் என்பதும் எழுத்தில் வேண்டும். இந்த ஆலையில் ஒன்றரை வருடம் அதனால் போனது. கட்டளைகளை மற்ற ஆலைகளுக்கு மாற்றினால் முன்னறிவித்தல் எத்தனை நாள், அந்த இடைவெளிச் சம்பளத்தில் பங்காளி எவ்வளவு தாங்குவார் என்பதும் அதே பக்கத்தில் வர வேண்டும்.

மாத அறிக்கையின் முதல் பக்கத்தில் கிராமும் இறைச்சி வீதமும், ரூபாய் இரண்டாம் பக்கத்தில். இது 2023இலேயே மாற்றியாயிற்று.

மணித்தியாலப் பதிவுக்கும் வாகன நேர மாற்றத்துக்கும் ஏற்றுமதியும் தேவைப்படவில்லை, பங்காளியும் தேவைப்படவில்லை. மொத்த ஏற்றத்தில் பாதியளவு அங்கிருந்துதான் வந்தது. ஏற்றுமதிக்குத் தயாராகாத ஆலைகளும் அதை நாளைக்கே செய்யலாம், செய்கிறவர்களை நான் இன்னும் அதிகம் காணவில்லை.

சம்பளம் பற்றி ஒன்று மிச்சம் இருக்கிறது. ஆள் மணித்தியாலத்துக்கு 410இலிருந்து 640 என்பது ஒன்றரை மடங்குக்கும் மேல். மேசை ஊக்கப்பணத்தையும் சேர்த்தாலும், விலைவாசியைக் கழித்தால் உடைக்கிறவர்களின் வருமானம் அந்த அளவுக்கு ஏறவில்லை. நல்ல கைகள் போய்க்கொண்டே இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பங்காளியின் ஆலைக்குப் போய்ப் பழக மூன்று பெண்களை அனுப்புவதும், ஊக்கப்பணத்தின் பங்கைக் கூட்டுவதும் அடுத்த பணிப்பாளர் கூட்டத்தின் நிரலில் இருக்கின்றன. அனுப்புகிற பட்டியலில் முதல் பெயர் சுப்பர்வைசர் அக்காவுடையது, அவர் இன்னும் ஓம் சொல்லவில்லை.